மகளுக்கு, ஜான் ஹர்ட் பற்றி

அன்புள்ள பாப்பா,

வீடு பிடித்து, பெட்டியெல்லாம் பிரித்து, வேலையிலும் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். போனில் நீ ஒன்று கேட்டாய்: "மெம்பிஸில் எல்விஸ் வீட்டைத் தவிர வேறு என்னப்பா பார்க்க இருக்கிறது?" ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ இப்போது இருக்கும் அதே ஊரில், 1928 பிப்ரவரி 14 அன்று, ஒரு கறுப்பின விவசாயி மைக் முன்னால் உட்கார்ந்து எட்டுப் பாட்டுப் பாடினார். பெயர் ஜான் ஹர்ட். விற்பனைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ரெக்கார்டு கம்பெனி 'மிசிசிப்பி' என்பதை முன்னால் சேர்த்துக்கொண்டது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நம் வீட்டில் ஓடும் அந்தக் கிட்டார் பாட்டு, சின்ன வயதில் நீ 'தாத்தா பாட்டு' என்று சொல்வாயே, அது இவருடையதுதான். நீ கேட்டது அவர் எழுபது வயதில் பாடியது. தன் முப்பது வயதுகளில் அவர் பாடியதை நீ சரியாகக் கேட்டதில்லை. அதிலிருந்து தொடங்கு.

அந்த மெம்பிஸ் பதிவைப் பற்றி அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெரிய கூடம், உள்ளே மூன்றே பேர்: அவர், ஓகே ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் டாமி ராக்வெல், ஒலிப்பதிவு எஞ்சினியர். மைக்கை வாய்க்கு நேராகக் கொண்டுவந்து வைத்து, சரியான இடம் அமைந்ததும், இனித் தலையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பதற்றத்தோடு அப்படியே விறைத்து உட்கார்ந்து பாடியதில் கழுத்துவலி பல நாள் விடவில்லையாம். அன்றைக்கு டேப் கிடையாது. மெழுகுத் தட்டில் நேராகவே பதிய வேண்டும். தப்பு வந்தால் வேறு தட்டு எடுத்து முதலிலிருந்து பாட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். அதற்குள் கதையும் முடிய வேண்டும், கிட்டாரும் முடிய வேண்டும்.

பாடிய எட்டில் இரண்டைத்தான் கம்பெனி வெளியிட்டது: 'ஃபிராங்கி', 'நோபடிஸ் டர்ட்டி பிசினஸ்'. மிச்சம் ஆறும் போனது போனதுதான். 'மண்டே மார்னிங் ப்ளூஸ்' என்ற பாட்டும் அதில் ஒன்று. அதை முப்பத்தைந்து வருடம் கழித்து அவர் மறுபடி பாடிப் பதிந்தார், நமக்கு இருப்பது அதுதான். முப்பது வயதுகளில் இருந்த அந்தக் குரலில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

சரி, ஆள் யார் என்று சொல்கிறேன். 1890களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலம் கேரல் கவுண்டியில் டியோக் என்ற இடத்தில் பிறந்தவர். வளர்ந்தது, வாழ்ந்தது எல்லாம் பக்கத்திலேயே அவலான் என்ற சிற்றூரில். அந்த ஊர் இருக்கும் இடத்தை வரைபடத்தில் கவனித்துப் பார். மேற்கே டெல்டா: சப்பட்டையான கரிசல் மண், கண்ணுக்கெட்டிய வரை பருத்தி. கிழக்கே மேடு தொடங்கிவிடும். அவலான் அந்த விளிம்பில் இருக்கிறது. டெல்டாவின் பெரிய பாடகர் சார்லி பேட்டன் பண்ணைகளில் கூட்டத்துக்கு நடுவே குரலைக் கிழித்துக்கொண்டு, கிட்டாரை அடித்துப் பாடியவர். ஹர்ட்டின் பாட்டில் அந்த ஆவேசம் கிடையாது. குரலை உயர்த்தவே மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்வதுபோல்தான் பாடுவார். இரண்டும் ஒரே மாநிலம், ஒரே காலம், இரண்டுக்கும் பெயர் ப்ளூஸ்தான், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை. ப்ளூஸ் என்றாலே அழுகை, சாபம், பேயிடம் ஆன்மாவை விற்றது என்று யாராவது உன்னிடம் சொன்னால், நம்புவதற்கு முன்னால் ஹர்ட்டைக் கேள்.

கிட்டார் அவர் கையில் வந்த கதை நன்றாக இருக்கும். அவர் பள்ளிக்கூட ஆசிரியையைப் பார்க்க கார்சன் என்றொருவர் வருவார். வந்தால் ஹர்ட்டின் அம்மா வீட்டில்தான் தங்குவார். கிட்டாரும் கூடவே வரும், ஆனால் சிறுவர்கள் தொட அனுமதி இல்லை. அவர் தூங்கிய பிறகு இந்தப் பையன் எடுத்து மெதுவாக வாசித்துப் பார்ப்பான். கொஞ்ச நாளில் அம்மா ஒன்றரை டாலர் கொடுத்து மகனுக்கென்றே ஒரு கிட்டார் வாங்கினார். அப்போது அவனுக்கு ஒன்பது வயது வாக்கில். அதற்கு 'பிளாக் ஆனி' என்று பேர். ஒன்றரை டாலர் ஏழை வீட்டில் சும்மா கிடக்கிற காசு இல்லை. அந்த அம்மாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அவருக்கு வாத்தியார் என்று யாரும் கிடையாது. கிட்டார் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றியதோ அப்படி வாசித்ததாகத்தான் அவர் சொல்வார். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது, வாசித்துப் பார்த்தால் தெரியும். வலது கைக் கட்டை விரல் கனத்த ஒலி தரும் பாஸ் கம்பிகளில் ஒன்று மாற்றி ஒன்றாகத் தட்டிக்கொண்டே இருக்கும், பாட்டு முடியும் வரை நிற்காது. அதே நேரத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் கம்பிகளில் மெட்டை வாசிக்கும். மெட்டு தாளத்தின் தலையிலேயே விழாமல், ஒரு பொட்டு முன்னாலோ பின்னாலோ விழும். அந்த இடைவெளியில்தான் கால் தானாக ஆடத் தொடங்குகிறது. பியானோவில் இரண்டு கை செய்கிற வேலை அது. சர்ச்சில் இத்தனை வருடம் கிட்டார் வாசித்த கைதான் என்னுடையது, ஆனாலும் இவர் பாட்டை எடுத்தால் முதலில் கட்டை விரலை மட்டும் தனியாக, வேறெதுவும் இல்லாமல், சலிக்கும் வரை வாசித்துப் பழகித்தான் ஆக வேண்டும். நீ கொண்டுபோயிருக்கும் கிட்டாரில் செய்து பார். சி கார்டைப் பிடித்துக்கொள், ஐந்தாவது கம்பி, நான்காவது கம்பி, மாற்றி மாற்றித் தட்டு. அது யோசிக்காமல் வர ஆரம்பித்த பிறகுதான் மற்ற விரல்களைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் கெடும்.

ஏன் அப்படி ஒரு வாசிப்பு வந்தது என்றால், சனிக்கிழமை ராத்திரி யார் வீட்டிலாவது ஆட்டம் இருக்கும். மத்தளம் கிடையாது, வேறு வாத்தியக்காரர் கிடையாது, ஒரு கிட்டார்தான். ஆடுகிறவர்களுக்குத் தாளம் அதிலிருந்தே வர வேண்டும், பாட்டும் அதிலிருந்தே வர வேண்டும். கட்டை விரல் நின்றால் ஆட்டம் நின்றுவிடும். நிற்காத அந்தக் கட்டை விரல் அங்கே பழகியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வாரம் முழுக்க வயல் வேலை. பங்குக் குத்தகை விவசாயம் அது. நிலம் முதலாளியுடையது, விதை, கோவேறு கழுதை, குடியிருக்கும் வீடு எல்லாம் அவர் கொடுப்பது. விளைந்த பருத்தியில் பங்கு. வருடம் பூராவும் கடையில் கடன், அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது கடன் கழிந்தால் பெரிய விஷயம். கணக்கு எழுதுகிறவரும் முதலாளிதான். அவர் எழுதியதைக் கறுப்பின விவசாயி எதிர்த்துக் கேட்க முடியாது. கேட்டால் உயிருக்கே ஆபத்து. இதை மனதில் வைத்துக்கொண்டு 'ப்ளூ ஹார்வெஸ்ட் ப்ளூஸ்' கேள். அறுவடைக் காலம் நெருங்குகிறது, கையில் ஒரு டாலர்கூடச் சேரவில்லை என்று அதில் ஒரு இடம் வரும். புலம்பல் தொனியே இருக்காது, உள்ளதைச் சொல்கிறார், அவ்வளவுதான். எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும்.

ரெக்கார்டு வாய்ப்பு வந்தது அக்கம்பக்கத்தால்தான். வில்லி நார்மர் என்று அந்தப் பகுதியில் ஒரு வெள்ளையின வயலின்காரர். ஷெல் ஸ்மித் என்பவர் அவருக்குக் கிட்டார் வாசிப்பார். ஸ்மித் வர முடியாத நாளில் ஹர்ட்டைக் கூப்பிட்டு வாசிக்க வைத்திருக்கிறார் நார்மர். பிறகு வயலின் போட்டி ஒன்றில் ஜெயித்து, ஓகே கம்பெனிக்காக வாசிக்கும் வாய்ப்பு நார்மருக்கு வந்தபோது, இந்தப் பக்கத்தில் வேறு நல்ல ஆள் யாராவது உண்டா என்று ராக்வெல் கேட்க, ஹர்ட்டின் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டார். ஆட்டத்தில் கறுப்பு விரலும் வெள்ளை விரலும் ஒரே பாட்டை வாசித்தன. கம்பெனியின் விலைப்பட்டியலில் மட்டும் கறுப்பினத்தவர் பாட்டு தனி வரிசை, வெள்ளையர் நாட்டுப்புறப் பாட்டு தனி வரிசை. நார்மரும் ஸ்மித்தும் பதிந்த 'கேரல் கவுண்டி ப்ளூஸ்' கிடைத்தால் கேள். ஹர்ட்டின் ஊர்க்காற்று அதிலும் இருக்கிறது.

முதல் ரெக்கார்டுக்குப் பிறகு அதே வருடம் டிசம்பரில் நியூயார்க்குக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பாட்டுக்கு 20 டாலர், வழிச்செலவு தனி. அவலானை விட்டு அவ்வளவு தூரம் போவது அவருக்குப் புதிது. டிசம்பர் 21, 28 என இரண்டு நாள் பதிவு நடந்தது. நடுவில் கிறிஸ்துமஸ், அதுவும் ஊரை விட்டு. இன்று நாம் கையெடுத்துக் கும்பிடுகிற பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு நாளில் பதிந்தவை. ஊர் ஏக்கத்தில் அங்கேயே கட்டிய பாட்டு 'அவலான் ப்ளூஸ்'. காலையில் நியூயார்க் வந்து இறங்கினேன், நல்ல ஊர்தான், ஆனால் எனக்கு ஆகாது, என் ஊர் அவலான்தான் எப்போதும் நினைவில் இருக்கிறது என்கிற மாதிரி போகும். வெளியூரில் புதிதாக இறங்கியிருக்கும் உனக்கு அது சட்டென்று பிடிபடும்.

இந்த ஒரு பாட்டுதான் பிறகு அவர் வாழ்க்கையையே மாற்றியது. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

நியூயார்க்கில் பதிந்ததில் 'லூயி காலின்ஸ்' எனக்கு எல்லாவற்றுக்கும் மேல். ஊரில் நடந்த ஒரு கொலையைப் பற்றி ஜனங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு அவரே கட்டியது. மகனை அனுப்பிவிட்டு அழும் தாயிடம் பாட்டு தொடங்கும். செத்த செய்தி கேட்டு ஊரே சிவப்பு உடுத்திக்கொண்டு வரும். கதை இப்படி, மெட்டோ தாலாட்டு. கொன்றவனைத் திட்டாமல், பழிவாங்குவேன் என்று சூளுரைக்காமல், செத்தவனைத் தேவதூதர்கள் கிடத்துகிறார்கள் என்று திரும்பத் திரும்ப மெதுவாகச் சொல்கிறார். மூன்று நிமிடத்தில் ஒரு ஊரின் துக்கம் முழுதும் வந்துவிடுகிறது. 'ஃபிராங்கி'யும் கொலைப் பாட்டுதான், 1899இல் செயின்ட் லூயிஸில் ஃபிராங்கி பேக்கர் என்ற பெண் தன் காதலனைச் சுட்ட உண்மைச் சம்பவம். 'ஸ்டாக் ஓ லீ' அதே ஊரில் 1895 கிறிஸ்துமஸ் அன்று ஒரு தொப்பிக்காக நடந்த கொலை. அவை நாடெங்கும் பாடிய கதைகள், நூறு பேர் நூறு விதமாகப் பாடியவை. லூயி காலின்ஸை மட்டும் ஹர்ட் பாடியிராவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

'ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்' இன்னொன்று. ஜான் ஹென்றி கதை உனக்குத் தெரியும்: நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டு, ஜெயித்து, சம்மட்டியைப் பிடித்தபடியே செத்த தொழிலாளி. எல்லோரும் அவனை வீரனாகப் பாடுவார்கள். ஹர்ட் கொஞ்ச நாள் ரயில் பாதையில் கூலி வேலை பார்த்தவர், கூட வேலை செய்தவர்களிடம் கேட்டுப் பழகிய பாட்டு அது. அதில் வரும் ஆள் வேறு மாதிரி. இந்தச் சம்மட்டி ஜான் ஹென்றியைக் கொன்றது, என்னைக் கொல்லாது என்று அதைக் கீழே போட்டுவிட்டு, மேஸ்திரியிடம் நான் போய்விட்டேன் என்று சொல் என நடையைக் கட்டுகிறான். வேலை செய்து செத்தால்தான் மரியாதை என்று நம்ப மறுக்கிற அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'கேண்டி மேன்' கொஞ்சம் இரட்டை அர்த்தப் பாட்டு, நீ பெரியவள், கேட்டுச் சிரித்துக்கொள். கிட்டார் மட்டும் அபாரம். அதே ஆள் 'பிளெஸ்ட் பி தி நேம்' என்று கோயில் பாட்டும் பாடுவார். இரண்டுக்கும் ஒரே குரல், ஒரே கட்டை விரல்.

1928இல் அவர் பதிந்ததில் நமக்குக் கிடைப்பது மொத்தம் 13 பாட்டு. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்கூட வராது.

ரெக்கார்டுகள் விற்கவில்லை. அடுத்த வருடமே பங்குச் சந்தை சரிந்து பொருளாதார மந்தம் வந்தது, கையில் காசில்லாத ஜனங்கள் ரெக்கார்டு வாங்குவதை நிறுத்தினார்கள், கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. ஹர்ட் அவலானுக்குத் திரும்பி வயலுக்குப் போனார். ஆற்றுக்கரை கட்டும் வேலை, மாடு பார்த்துக்கொள்ளும் வேலை என்று கிடைத்ததைச் செய்தார், குடும்பத்தைக் காப்பாற்றினார்.

இங்கேதான் நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வருகிறது. இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1928இல் பாடினார், அப்புறம் காணாமல் போனார், 1963இல் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அவர் எங்கே காணாமல் போனார்? பிறந்து வளர்ந்த ஊரில், எல்லோருக்கும் தெரிந்த மனிதராக இருந்தார். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வாசித்தார், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் என்று வாழ்ந்தார். அவரைத் தெரியாமல் இருந்தது நகரத்து ரெக்கார்டு சேகரிப்பாளர்களுக்குத்தான். நடுவில் போன முப்பத்தைந்து வருடத்தை வெற்றுக் காகிதமாக்கினால், அந்தப் பாட்டு எதனால் கெடாமல் இருந்தது என்பதையே விட்டுவிடுகிறோம். சந்தைக்காக வாசித்த பலர் காலத்துக்குத் தகுந்தபடி வாசிப்பை மாற்றிக்கொண்டார்கள். மின்சாரக் கிட்டார் வந்தது, ஊர் ஊராகச் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஹர்ட் தன் அக்கம்பக்கத்தாருக்கு வாசித்தார், அவர்களுக்கு அது போதுமாக இருந்தது, அவருக்கும் போதுமாக இருந்தது.

இதை வைத்து வறுமையை அழகுபடுத்தி விடாதே, பாப்பா. அவர் ஏழையாக இருந்தது அவர் விரும்பி அல்ல. அந்த மாநிலம் அப்படி வைத்திருந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவலான் ப்ளூஸ் கதைக்கு வருகிறேன். 1952இல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய ரெக்கார்டுகளைத் தொகுத்து ஃபோக்வேஸ் கம்பெனி மூலம் வெளியிட்டார். அதில் ஹர்ட்டின் 'ஃபிராங்கி'யும் 'ஸ்பைக் டிரைவர் ப்ளூ'ஸும் இருந்தன. கல்லூரிப் பையன்கள் கேட்டு அசந்துபோனார்கள், ஆள் எப்போதோ செத்திருப்பார் என்றுதான் நினைத்தார்கள். 1963இல் வாஷிங்டனைச் சேர்ந்த சேகரிப்பாளர் டிக் ஸ்பாட்ஸ்வுட்டுக்கு 'அவலான் ப்ளூஸ்' கேட்கக் கிடைத்தது. என் ஊர் அவலான் என்று பாட்டிலேயே சொல்கிறாரே, அந்த ஊர் எங்கே? புது வரைபடங்களில் இல்லை. 1878ஆம் ஆண்டு அட்லஸ் ஒன்றில் இருந்தது. அவருடைய நண்பர் டாம் ஹாஸ்கின்ஸ் காரை எடுத்துக்கொண்டு மிசிசிப்பிக்குப் போனார். அவலானில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டார். இதே சாலையில் போ, மேட்டின் மேல் மூன்றாவது தபால் பெட்டி என்று ஒரு தயக்கமும் இல்லாமல் வழி சொன்னார்கள்.

ஹாஸ்கின்ஸ் கதவைத் தட்டியபோது ஹர்ட் பயந்துபோனார். போலீஸோ எஃப்.பி.ஐ.யோ என்று நினைத்தாராம். இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு, ஆனால் அப்போது அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார். பக்கத்து ஊர் கிரீன்வுட்டில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் போராட்டம் உச்சத்தில் இருந்தது. அதற்காக வேலை செய்த ஜிம்மி டிராவிஸ் என்ற இளைஞரை அந்தப் பிப்ரவரி கடைசியில் கிரீன்வுட் அருகே காரில் போகும்போது சுட்டார்கள். எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினப் பையனை 1955இல் கடத்திப் போனது அதற்குப் பக்கத்தில் மனி என்ற இடத்திலிருந்துதான், பிறகு கொன்றுவிட்டார்கள். ஹாஸ்கின்ஸ் போனது மார்ச் மாதம். வெளியூர்க்கார வெள்ளைக்காரர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, ஜான் ஹர்ட் நீதானா என்று கேட்டால் எழுபது வயது மனிதருக்கு என்ன தோன்றும்? அந்த ஜூனிலேயே கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸை ஜாக்சனில் அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவன் கிரீன்வுட்காரன். நீ அந்த வழியாகப் போகும்போது இதெல்லாம் தெரிந்துகொண்டு போ.

அன்று ஹர்ட் வீட்டில் கிட்டாரே இல்லை. ஹாஸ்கின்ஸ் தன்னுடையதைக் கொடுத்தார். வாசித்தார். கையோடு கொண்டுபோன டேப்பில் பதிந்தும் கொண்டார்கள். அந்தப் பதிவு பல பத்தாண்டுக்குப் பிறகு வெளியானது. விரலில் கொஞ்சம் துரு இருக்கிறது, ஆனால் எதையும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. வாஷிங்டனுக்குக் குடிவந்தார், ஆன்டாரியோ பிளேஸ் என்ற காபிக் கடையில் பாடினார். ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் பாடி எல்லோரையும் வசப்படுத்தினார். அதே மாதம் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் அவரை உட்கார வைத்துப் பாட்டுப் பாட்டாகப் பதிந்துகொண்டது. கோயில் பாட்டு, கொலைப் பாட்டு, ஆட்டப் பாட்டு, சிறுவர் பாட்டு எல்லாம் வந்தது. ஜானி கார்சன் நடத்திய டெலிவிஷன் நிகழ்ச்சியிலும் வந்தார். வேன்கார்ட் கம்பெனிக்குப் பாடினார். அவரைத் தேடிக் கண்டதைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் ஸ்கிப் ஜேம்ஸ், சன் ஹவுஸ் என்ற பழைய ப்ளூஸ் பாடகர்களையும் தேடிப் போனார்கள். 'காபி ப்ளூஸ்' பாட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்துத்தான் 'லவ்வின் ஸ்பூன்ஃபுல்' குழு தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. பணம், ஒப்பந்தம் விஷயத்தில் சச்சரவும் வழக்கும் வந்தன, அதை நான் விவரிக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நியூபோர்ட் அமைப்பு அவருக்கு ஒரு கிட்டார் வாங்கித் தர முன்வந்து, நியூயார்க் கடையில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. விலை உயர்ந்த கிட்டார்கள் சுவர் முழுக்க இருந்த கடை. அவர் எடுத்தது அலங்காரம் எதுவும் இல்லாத கில்ட் எஃப்-30. கைக்கு அடக்கமாக இருக்கும், அவர் வாசிப்புக்கு அது போதும். அந்தக் கடைசி வருடங்களின் பதிவுகளில் நீ கேட்பது பெரும்பாலும் அந்தக் கிட்டாரைத்தான்.

1966 நவம்பர் 2 அன்று மிசிசிப்பியில் கிரனேடா ஊரில் மாரடைப்பால் இறந்தார். பெயர் வெளியே தெரிந்து வாழ்ந்தது மூன்றரை வருடம்தான்.

இப்போது உனக்கு வேலை. முதலில் 1928 பாட்டு 13-ஐயும் ஒரே மூச்சில் கேள், இரைச்சலோடுதான் இருக்கும், ஐந்து நிமிடத்தில் காது பழகிவிடும். அடுத்து வேன்கார்டின் 'டுடே' தொகுப்பு. இரண்டிலும் வரும் பாட்டுகளை அடுத்தடுத்து வைத்துக் கேள். இளமைக் குரல் லேசாக, மேலே இருக்கும், கிட்டார் ஓடும். முதுமைக் குரலில் கரகரப்பு வந்திருக்கும், நடை தளர்ந்திருக்கும், ஆனால் சொல்லும் விதம் முதிர்ந்திருக்கும். 'ஃபிராங்கி'க்கு நான் 1928 பக்கம். அந்த வேகம் திரும்ப வரவில்லை. மற்ற பல பாட்டுகளுக்கு நான் கிழவர் பக்கம். 'லூயி காலின்ஸ்' எந்தப் பக்கம் என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

அப்புறம், ஒரு சனிக்கிழமை அவலானுக்குப் போய் வா. மெம்பிஸிலிருந்து தெற்கே ஐ-55 சாலையில் கிரனேடா வரை போய், அங்கிருந்து கிரீன்வுட் போகும் 7ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் சொச்சம் ஆகும். சாலையோரத்தில் அவர் பெயரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அவர் குடியிருந்த சின்ன வீட்டை அவருடைய பேத்தி அருங்காட்சியகமாக வைத்திருந்தார், 2024 பிப்ரவரியில் அது எரிந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லறை இருக்கிறது, செயின்ட் ஜேம்ஸ் கல்லறைத் தோட்டம், மரங்களுக்கு நடுவே மண் சாலையில் போக வேண்டும். தனியாகப் போகாதே, அலுவலகத்தில் யாரையாவது சேர்த்துக்கொண்டு, பகலில் போ. வண்டியில் பெட்ரோல் நிறைய வைத்துக்கொள், அந்தப் பக்கம் போன் எல்லா இடத்திலும் எடுக்காது. ஊர்க்காரர் யாரையாவது பார்த்தால் வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடு. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் அவர் வாசிப்புக்கு ஆடியவர்களாக இருக்கலாம்.

போய்விட்டு வந்து இரண்டு 'லூயி காலின்'ஸையும் மறுபடி கேட்டு, உனக்கு எது என்று எழுது. போனில் சொல்லாதே, எழுது, நான் எடுத்து வைத்துக்கொள்வேன். அம்மா ஊறுகாய் பார்சல் அனுப்புகிறாள், அடுத்த வாரம் வரும்.

அன்புடன்,
அப்பா